அஞ்சலையின் கால் அளவு

19.11.2005, சனி

மழை. மூன்றாம் நாள். உப்பளம் முழுக்க ஏரி. பாத்தி எது, வரப்பு எது, ஒன்றும் தெரியவில்லை. வேலை இல்லை.

இந்த நோட்டு ஹெல்கா சொல்லி வாங்கியது. முதல் பாடமே இதுதான்: செய்ததை எழுது, தப்பையும் எழுது. பத்தாவதோடு விட்ட எழுத்து. கோழி கிளறினது மாதிரி இருக்கிறது. யார் பார்க்கப் போகிறார்கள்.

ஹெல்கா நார்வே என்கிற நாட்டுக்காரி. ஷூ தைக்க இன்டர்நெட்டில் சொல்லிக்கொடுக்கிறாள். காசு கிடையாது. வாராவாரம் படமும் பாடமும் வரும். சனிக்கிழமை சாயங்காலம் கேமராவில் அவளே வருவாள். உலகம் முழுக்க பதினோரு பேர் படிக்கிறோமாம். பதினோராவது ஆள் நான், மரக்காணத்து உப்பளத்தான், வயசு நாற்பத்து மூன்று.

கண்டுபிடித்தது நஸ்ரீன். கூனிமேட்டில் பிரவுசிங் சென்டர் வைத்திருக்கிறாள், வீட்டுக்காரர் துபாயில். உப்புத் தண்ணீரில் போடுகிற ஷூ எங்கேயாவது கிடைக்குமா பாரம்மா என்றுதான் கேட்டேன். வாங்கத்தான் கேட்டேன். அரை மணி தேடிவிட்டு, "வாங்கறதுக்கு இல்லண்ணே, செய்யறதுக்கு இருக்குது" என்றாள். இங்கிலீஷை அவள்தான் படித்துச் சொல்கிறாள். இனி ந. என்றே எழுதுவேன். கை வலிக்கிறது.

எல்லாம் அஞ்சலைக்காக. என் வீட்டுக்காரி. பாத்தி மிதிக்கிறதில், அதாவது உப்பு பூக்குமுன் தரையைக் காலால் மிதித்துக் கெட்டியாக்குகிறதில், அவளை அடிக்க ஆள் இல்லை. போன சீசன் கடைசியில் இடது கால் வெடிப்பு புண்ணாகி, ஆறவே இல்லை. ஆஸ்பத்திரி டாக்டரம்மா சக்கரை இருக்கிறது என்று கண்டுபிடித்து, "மறுபடியும் இந்தக் கால உப்புத் தண்ணில வெச்சா வெரல எடுக்கிற மாதிரி ஆயிடும்" என்று சொல்லிவிட்டார். அஞ்சலை என்ன சொன்னாள்? "பொங்கல் முடிஞ்சி பாத்தி மிதிக்க நான் எறங்குவேன். வூட்ல குந்திகினு சுவத்தையா பாத்துனு இருப்பேன்?" பேசிப் பார்த்தேன், திட்டிப் பார்த்தேன். இறங்குவாள். எனக்குத் தெரியாதா அவளை.

22.11, செவ்வாய்

மழை விட்டுவிட்டு. சேர்த்தவை:
லாரி டியூப், பழசு – 1
கோணி ஊசி – 2 (அடுப்பில் காய்ச்சி வளைத்தாயிற்று. விரலும் காய்ந்தது)
வலை பின்னுகிற நைலான் நூல்
மெழுகு
பஞ்சர் சொல்யூஷன்
பழைய லுங்கி – உள்ளே வியர்வைக்கு. மாற்றிப் போட மூன்று ஜோடி வெட்டணும்
அஞ்சலையின் கால் – இன்னும் சம்மதிக்கவில்லை

மற்ற பத்துப் பேரும் தோலில் செய்கிறார்கள். உப்புத் தண்ணீரில் தோல் அப்பளமாகிவிடும். டியூப்பில் செய்யலாமா என்று ந. எழுதிக் கேட்டாள். ஹெல்கா பதில்: தெரியாது, செய்து பார், எனக்கும் சொல். டீச்சர் ஒருத்தி தெரியாது என்று சொல்லி இப்போதுதான் கேட்கிறேன்.

26.11, சனி

இன்றைக்கு ஹெல்காவைப் பார்த்தேன்!

படம் நிற்கும், ஓடும், மறுபடி நிற்கும். முப்பது முப்பத்தைந்து வயசிருக்கும். வெளுத்த மஞ்சள் முடி, மூக்கு சிவப்பு, கம்பளிச் சட்டை. என்னைப் பார்த்துக் கையாட்டினாள். நானும் ஆட்டினேன். மூன்று செகண்டு கழித்துத்தான் சிரித்தாள். நான் ஆட்டின கை அப்போதுதான் போய்ச் சேர்ந்ததாம். என் கை கடல் தாண்டிப் போயிருக்கிறது, உடம்பு கூனிமேட்டில் பிளாஸ்டிக் நாற்காலியில்.

அவளுக்குப் பின்னால் சன்னலில் இருட்டு. ராத்திரியா என்று கேட்கச் சொன்னேன். மதியம் ஒன்றரையாம்! இன்றிலிருந்து சூரியனே கிடையாதாம், ஜனவரி மூன்றாம் வாரம்தான் திரும்பி வருமாம். ந. "யா அல்லா" என்று வாயில் கை வைத்துக்கொண்டாள். எனக்கு மயிர் கூச்செறிந்தது. சூரியன் இல்லாவிட்டால் உப்பு எப்படி எடுப்பார்கள்? கேட்டோம். கடையில் வாங்குவார்களாம்.

வீட்டில் வந்து சொன்னேன். அஞ்சலை (இனி அ.) நம்பவில்லை. "உன்ன நல்லா ஏமாத்தறாங்க" என்றாள்.

30.11, புதன்

கால் அளவு எடுக்கிற பாடம். பேப்பர் விரித்து, அதன்மேல் கால் வைத்து நிற்கணும், சுற்றிப் பென்சிலால் கோடு போடணும். அவ்வளவுதான். சின்னக் குழந்தைகூடச் செய்யும்.

நான் தரையில் உட்கார்ந்து பென்சிலை எடுத்ததுமே அ. எகிறிக் குதித்தாள். "ஐய, கால தொடாத! இன்னா கர்மம் இது!"

"ஏமே, அளவு எடுக்க வேணாமா?"

"புருஷன் தல என் காலாண்ட இருக்கும், நான் மேல நின்னுகினு இருக்கணுமா? எவளாவது பாத்தா காறித் துப்புவா."

எவளும் இல்லை, மழைக்கு எல்லோரும் வீட்டுக்குள். கதவைக்கூடச் சாத்தினேன். ம்ஹூம். கடைசியில் அவள் கட்டிலில் உட்கார்ந்து, காலை நீட்டி, கண்ணை மூடிக்கொண்டாள். நானும் கட்டிலிலேயே பக்கத்தில் உட்கார்ந்து அட்டையை அடியில் பிடித்துக் கோடு போட்டேன். முடிந்ததும் என் தோளைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள், பாவம் போகட்டும் என்று.

4.12, ஞாயிறு

மறுபடியும் மழை. டீக்கடையில் ஒருத்தன்: "இன்னாபா, தொழில மாத்திட்டியாம்?" அவன் எந்த மாதிரிக் கேட்டான் என்று எனக்குத் தெரியாதா. உப்பள வேலைக்காரன் செருப்பு தைக்கிறானாம், கேவலமாம். "ஆமா, கால நீட்டு, உனக்குத்தான் மொதல் ஜோடி" என்றேன். டீ பாதியில் எழுந்து போனான். எனக்கு நாள் முழுக்க எரிச்சல். செருப்பு தைக்கிறவன் கையில் இருக்கிற கணக்கு இவனுக்கு ஏழு ஜென்மத்துக்கும் வராது. இரண்டு வாரமாக நான் திணறுகிறேன், எனக்கல்லவா தெரியும்.

8.12, வியாழன்

முதல் ஜோடி முடிந்தது. முழங்காலுக்கு ஒரு சாண் கீழே வரை உயரம். குதி கிடையாது, அடி தட்டை. உட்கார்ந்தபடியே போட்டாள். கச்சிதம்! எனக்குத் தலைகால் புரியவில்லை.

எழுந்து நின்றாள். "ஆ" என்றாள். இரண்டடி வைத்தாள். சுண்டுவிரல் பக்கம் தையல் படக்கென்று பிரிந்தது.

தூக்கி எறிந்துவிட்டேன், கொல்லையில் போய் விழுந்தது. அ. போய் எடுத்து வந்து சேறு கழுவி வைத்தாள்.

10.12, சனி

கிழிந்த ஷூவின் போட்டோவை ந. முன்பே அனுப்பியிருந்தாள். ஹெல்கா கேமராவில் வந்ததும் கேட்ட முதல் கேள்வி: அளவு எடுக்கும்போது உங்கள் மனைவி நின்றாரா?

நின்றாள் என்று சொல்லச் சொன்னேன்.

ந. டைப் அடிக்காமல் என்னைப் பார்த்தாள். "நின்னாங்களா அண்ணே?"

"...இல்ல."

"அப்ப அதையே சொல்றேன். வாத்தியார்கிட்ட பொய் சொன்னா படிப்பு ஏறாது." அடித்துவிட்டாள். ஏன் நிற்கவில்லை என்பதையும் சேர்த்து.

ஹெல்கா சிரிக்கவில்லை. தன் வெள்ளைக் காலைத் தூக்கி மேசைமேல் ஒரு தாளில் வைத்துக் கோடு போட்டாள். தாளைக் கீழே போட்டு அதன்மேல் எழுந்து நின்று மறுபடி ஒரு கோடு. தாளைக் கேமராவுக்குக் காட்டினாள். ஒரே காலுக்கு இரண்டு கோடு, ஒன்றுக்கு வெளியே ஒன்று. நின்றால் கால் பெரிதாகும், எல்லோருக்கும், என்றாள். வெறுங்காலில் வேலை செய்கிறவர்களுக்கு இன்னும் அதிகமாகவாம்.

பனி நாட்டில் இருக்கிறாள். ஒரு போட்டோ. பிரிந்த தையல் ஒன்று. அதை வைத்துக்கொண்டு என் வீட்டுக் கட்டிலில் நடந்ததைச் சொல்கிறாள்! சைக்கிளில் திரும்பும்போது இருமுறை நிறுத்திக் குனிந்து என் காலையே பார்த்தேன்.

11.12, ஞாயிறு

மழை இல்லை. வெயில்கூட எட்டிப் பார்த்தது.

அந்தத் தாளைப் பற்றி அ.விடம் சொன்னேன். அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். பிறகு முறத்தை வைத்துவிட்டு, "அந்தப் பொம்பள நின்னாளா? கேமராவுல? எல்லாரும் பாக்க?" என்றாள். ஆமாம் என்றேன். "சரி, கதவ சாத்து."

நின்றாள். நான் தரையில். விழாமலிருக்கப் பிடித்துக்கொள்ள ஒன்றுமில்லை. கையை என் தலைமேல் வைத்தாள். கோடு போட்டேன்.

இருபத்திரண்டு வருஷம் ஆயிற்று கல்யாணமாகி. இந்தக் காலை நான் பார்த்ததே இல்லை, இன்றைக்குத்தான் பார்க்கிறேன். அஞ்சு விரலும் தனித்தனி, ஒன்றை ஒன்று தொடவில்லை. சேற்றைப் பிடித்துப் பிடித்து விசிறியாக விரிந்துவிட்டது. குதி பாறை. உள்ளங்காலில் வெள்ளை வெள்ளையாக உப்பு தின்ற தழும்பு, எண்ணிப் பார்க்க மனசு வரவில்லை. இந்தக் கால்தான் இத்தனை பாத்தியையும் பலகை மாதிரி மிதித்துக் கொடுத்தது. அதில் விளைந்த உப்பை எந்த ஊரில் எந்தக் குழம்பில் போட்டுச் சாப்பிட்டார்களோ. எனக்குக் கண் கலங்கிவிட்டது, எழுதினால் என்ன.

மேலேயிருந்து அ. சொல்கிறாள்: "ஏன்யா, உச்சில இவ்ளோ முடி கொட்டிப்போச்சா உனக்கு? நான் பாக்கவே இல்லியே."

உட்கார்ந்து 4 அங்குலம் அகலம். நின்று 4½.

20.12, செவ்வாய்

பழைய கோளாறு இன்னொன்றும் இருந்தது. தைத்த ஓட்டை வழியே தண்ணீர் கசியும். குடத்தில் அமுக்கிப் பார்த்தேன், பத்து நிமிஷத்தில் உள்ளே ஈரம். சொல்யூஷன் மட்டும் போட்டு ஒட்டினால் மடிகிற இடத்தில் விட்டுப்போகிறது.

ஹெல்கா அனுப்பின படங்கள் ஏழு. ஊசி மறுபக்கம் வரவே கூடாதாம். டியூப்பின் கனத்துக்குள்ளேயே பாதியில் நுழைந்து, விளிம்பில் வெளியே வரணும். ஓட்டையே இல்லாத தையல்! ஏழாவது படத்தைப் பார்த்துவிட்டு நானும் ந.வும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டோம். மனுஷன் எப்போதிருந்து இதை யோசித்திருக்கிறான், எவன் முதலில் யோசித்தான்.

இன்றைக்கு ஆறு தையல் போட்டேன். நாலு கிழிந்தது. இரண்டு நின்றது. அந்த இரண்டையும் தடவித் தடவிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். அ. "தூங்கு" என்கிறாள்.

27.12, செவ்வாய்

ஒரு மணி நேரத்துக்கு இருபது தையல். இடது ஷூ முடிந்தது, ஆனால் பாடத்தில் சொன்னபடி உள்பக்கத்தை வெளியே வைத்துத் தைத்தது. புரட்டவில்லை. சனிக்கிழமை ஹெல்கா முன்னால் புரட்டணும் என்று ந. உத்தரவு.

31.12, சனி

கூனிமேட்டுக்கு அ.வும் வந்தாள். பஸ்ஸில், புதுப்புடவை கட்டி. கேமரா முன்னால் உட்காரமாட்டேன் என்று ந.வின் முதுகுக்குப் பின்னால் நின்றுகொண்டாள்.

ந. வெந்நீர் போட்டு வைத்திருந்தாள். ஷூவை அதில் முக்கி இளக்கினேன். தலையணை உறையைப் புரட்டுகிற மாதிரி விரலை விட்டு முனையைப் பிடித்து இழுக்கணும். வரவில்லை. வேர்த்துக் கொட்டுகிறது. அங்கே ஹெல்கா மெதுவாக, மெதுவாக என்று கையால் காட்டுகிறாள், ஓடி ஓடி நிற்கிற படத்தில். அ. வாய்விட்டே "முருகா" என்றாள். மூக்கு முதலில் வந்தது. பிறகு பொளக்கென்று மொத்தமும்.

தையலைக் காணோம்! எங்கே போயிற்று? அத்தனை தையலும் உள்ளே போய் ஒளிந்துகொண்டு, வெளியே மழமழவென்று கறுப்பாக ஒரு கால். அஞ்சலையின் கால், விரல் விரித்த அகலத்தோடு. நானா செய்தேன் இதை? ந. "மாஷா அல்லா, மாஷா அல்லா" என்கிறாள். கூடப் படிக்கிற பிரேசில்காரர் கைதட்டுகிறார் என்று எழுத்தில் வந்தது. ஹெல்கா நிஜமாகவே தட்டினாள், சத்தம் மூன்று செகண்டு கழித்து வந்தது.

அ. ந.வின் முதுகுக்குப் பின்னாலிருந்து வெளியே வந்து, திரைக்குக் கிட்டப் போய், ஹெல்காவின் இருட்டுச் சன்னலை ரொம்ப நேரம் பார்த்தாள். "நெஜமாதான் இருட்டு" என்றாள்.

17.1.2006, செவ்வாய்

பொங்கல் போயிற்று. பாத்திகளில் மழைத் தண்ணீர் வடித்தாயிற்று. திங்களன்று மிதிப்பு. வலது ஷூவும் தயார். குடத்தில் ஒரு நாள் முழுக்க அமுக்கி வைத்தேன். உள்ளே சொட்டு ஈரமில்லை. ஆனால் குடம் நடக்காது.

டாக்டரம்மா புண்ணைப் பார்த்தார். மூடி வருகிறது, இனி உப்பு படவே கூடாது என்றார்.

23.1, திங்கள்

நல்ல வெயில். ஆறு மணிக்கே பாத்தியில். முதல் நாளானதால் கற்பூரம் ஏற்றி, எல்லோரும் தண்ணீரைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு இறங்கினார்கள். அ. வரப்பில் உட்கார்ந்து ஷூ போட்டாள். மேஸ்திரி பார்த்துவிட்டார்.

"யம்மா யம்மா! செருப்போட பாத்தில எறங்குவியா? எந்தக் காலத்துலயாவது உண்டா இது? சாமி குத்தம் ஒருபக்கம் இருக்கட்டும், தரை கிழிஞ்சி சேறு கலந்தா உப்பு செவப்பா வரும், மொதலாளிக்கு யார் பதில் சொல்றது?"

நான் வாயைத் திறப்பதற்குள் அ.: "நான் ஒரு வரிசை மிதிக்கிறேன். நீ வந்து கைய வெச்சிப் பாரு. தரை கெட்டிருந்தா நானே கழட்டிட்டு வெறுங்காலோட எறங்கறேன்."

வெறுங்காலோட என்கிறாள். சொன்னால் செய்வாள்.

இறங்கிவிட்டாள். கணுக்கால் தண்ணீர். இடது, வலது, இடது, வலது. பக்கத்தில் வெறுங்காலில் மிதிக்கிற மூன்று பேரும் திரும்பித் திரும்பிப் பார்த்தார்கள். ஒரு வரிசை முடிந்தது. மேஸ்திரி வேட்டியை மடித்துக் கட்டி இறங்கி, குந்தி உட்கார்ந்து, தண்ணீருக்குள் கை விட்டுத் தரையைத் தடவினார். அங்கே ஒரு தடவை, இங்கே ஒரு தடவை. மற்றவர்கள் மிதித்த இடத்தையும் தடவினார். எழுந்தார். "ம். அடுத்த பாத்திக்கு வா" என்றார். அவ்வளவுதான். அவர் வாயில் அதற்கு மேல் வராது.

நாலு மணி நேரம் மிதித்தாள். நான் தரையைச் சமன் செய்கிற பலகை தள்ளிக்கொண்டிருந்தேன், என்ன தள்ளினேனோ தெரியாது.

பத்தரைக்குக் கஞ்சி குடிக்க வரப்பேறினாள். கேட்காமலே இடது காலை என் முன்னால் நீட்டினாள், எல்லோரும் பார்க்க. கழற்றினேன். உள்ளே கையை விட்டேன்.

ஈரம். லுங்கித் துணி நசநசவென்று.

அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. "வேர்வையா இருக்கும்" என்றாள். இருக்கலாம். இல்லாமலும் இருக்கலாம். இரண்டும் உப்புதான், கையில் பார்த்தால் என்ன தெரியும். பாத்தித் தண்ணீர் வெறும் கரிப்பு இல்லை, முதலில் கரித்து அப்புறம் அடித்தொண்டையில் கசக்கும். இருபத்தைந்து வருஷமாக வாயில் தெறித்துத் தெறித்து எனக்கு அது மனப்பாடம்.

விரலை எடுத்து நாக்கில் வைத்தேன்.

"சீ, கருமம்! இன்னா பண்ற!" என்று அடிக்க வந்தாள். இரு இரு என்று கையால் நிறுத்தினேன். காத்திருந்தேன். விழுங்கினேன். மறுபடியும் காத்திருந்தேன்.

கசக்கவில்லை. வேர்வைதான்.