லாரியை வாங்கிப் போனவன்

மார்ச் 4

காலையில் லாரியில் கொய்யா ஏற்றிக்கொண்டு சந்தைக்குப் போன என் வீட்டுக்காரர் பூன்-சியோங், மத்தியானம் பஸ்ஸில் வந்து இறங்கினார். முகமெல்லாம் சிரிப்பு.

"லாரி எங்கே?"

"கொடுத்துட்டேன்."

திரும்பும் வழியில், பஸ் நிறுத்தத்தில் ஒரு பெண்ணுக்குப் பிரசவ வலியாம். கூடப் புருஷன். காவ்சியுங் டவுன் ஆஸ்பத்திரிக்குப் போகணுமாம். "முன்னால ரெண்டு சீட்டுதானே சியோக்-கிம்? அவங்க ரெண்டு பேர். அதான் நான் இறங்கிட்டேன்."

"பின்னால ஏறி உட்கார்ந்திருக்கக் கூடாதா?"

ரொம்ப நேரம் யோசித்தார். "அது தோணலையே!"

பேர் கேட்கவில்லை. போன் நம்பர்? "வலியில துடிக்கிறவகிட்ட நம்பரா கேப்பாங்க?"

தலை வழுக்கையாகிவிட்டது. புத்தி இன்னும் பால்பல்லோடுதான் இருக்கிறது.

மார்ச் 5

வரவில்லை.

மார்ச் 6

தோப்பில் காய் திரண்டு நிற்கிறது. இன்னும் நாலு நாள் விட்டால் கனிந்துவிடும். கடித்தால் மொறுமொறுக்காத கொய்யாவை எந்த வியாபாரி சீந்துவான்? போலீசுக்குப் போகலாம் என்றேன். "பிள்ளை பெத்த வீட்டுக்கா போலீசை அனுப்புவே?" என்கிறார். பிள்ளையாம்! அவள் வயிற்றில் இருந்தது தலையணையோ என்னவோ!

கடைசியில் தோப்பைக் காக்கிற மண்சாமியைக் கேட்பது என்று முடிவு. லாரி வருமா என்று கேட்டு, சாமியிடம் குறி கேட்கும் இரண்டு பிறைக்கட்டைகளை நான் தரையில் போட்டேன். இரண்டும் மல்லாந்து விழுந்தன. சாமி பதில் சொல்லாமல் சிரிக்கிறார் என்று அர்த்தம். சிரிப்பார், அவருக்கென்ன, தோப்பா இருக்கிறது?

பிறகு இவர் போட்டார். இரண்டும் குப்புற. வராது. மறுபடியும் வராது. "நான் சாமிக்குச் சரியா விளக்கலை" என்று, அந்தப் பெண்ணின் செருப்பு நிறம் வரை சொல்லிச் சொல்லிப் போட்டுக்கொண்டே இருந்தார், ஒன்று குப்புறவும் ஒன்று மல்லாந்தும் விழும் வரை. "பாத்தியா, வரும்னுட்டார்!"

சாமியையே அலுக்க வைத்துவிட்டார். எனக்கு எரிச்சலில் அழுகையே வந்துவிட்டது. இந்த ஆளோடு எப்படித்தான் இத்தனை வருஷம் குடும்பம் நடத்தினேன்?

மார்ச் 7

பக்கத்து வீட்டு சூ-யுன்னிடம் வண்டி கேட்டேன். "உன் வீட்டுக்காரர் அதையும் யாருக்காவது தூக்கிக் கொடுத்துடுவாரேடி!" என்றாள்.

மார்ச் 8

காலையில் வாசலில் லாரி! தூக்கத்தில் கண் செருகி, தாடி முளைத்த ஒருத்தன் இறங்கினான். நான் வாயைத் திறப்பதற்குள் அவன் கத்த ஆரம்பித்தான்.

"ஏம்மா, வண்டியைக் கொடுத்தாரே, வீடு எங்கேன்னு சொன்னாரா? ரெண்டு நாளா ஊர் ஊரா அலையறேன்! வழுக்கைத் தலை கொய்யாக்காரர்னு கேட்டா, ஊருக்குப் பத்துப் பேரைக் காட்டறாங்க. முன்பின் தெரியாதவனுக்கு லாரியைத் தூக்கிக் கொடுத்த மனுஷன்னு சொன்னதும்தான், ஒரே குரலா இந்த வீட்டைக் காட்டினாங்க!"

பெண் குழந்தையாம். தாயும் பிள்ளையும் நலம். இவர் லாரியைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "பாப்பா யார் சாடை?" என்று அவன் கையைப் பிடித்துக்கொண்டார். "பஸ்ஸிலயா திரும்பப் போவே? லாரியை எடுத்துட்டுப் போயேன்" என்றபோதுதான் நான் சாவியைப் பிடுங்கி மடியில் வைத்துக்கொண்டேன்.

ஆனாலும் வெறுங்கையோடு அனுப்ப மனசு வரவில்லை. பிள்ளை பெற்றவளுக்கென்று எங்கள் வழக்கப்படி இஞ்சி போட்டு, நல்லெண்ணெயும் அரிசி மதுவும் விட்டுக் கோழி சமைத்து, தூக்கில் கொடுத்தனுப்பினேன்.

மார்ச் 11

காய் தப்பித்தது, எல்லாம் விற்றாயிற்று. இன்று லாரியைப் பெயிண்டரிடம் கொண்டுபோய், இரண்டு கதவிலும் எங்கள் வீட்டு முகவரியையும் என் போன் நம்பரையும் பெரிதாக எழுத வைத்தேன். அடுத்து வாங்கிப் போகிறவனாவது அலையாமல் வந்து சேரட்டும்.