செவ்வந்தியின் தாடைச் சுழி

பெருவயல்
14.2.2025

பேசிக்கொண்டிருக்கும்போதே போனை வைத்த பேத்தி சத்யப்பிரியாவுக்கு, அப்பத்தா நாகலெட்சுமி எழுதுவது.

இங்கன நான் இருக்கிறேன். அங்கன நீ வேளைக்குச் சாப்பிடுகிறாயா என்று எழுது.

"சரி சரி, வைக்கிறேன்" என்றாயே, அன்றைக்கே முடிவு எடுத்துவிட்டேன். இனி உன்னோடு போனில் பேச்சில்லை. தொண்டி பஸ் கண்டக்டர் குருநாதன் இதைக் கொண்டுவந்து தருவான். பதிலையும் அவனிடமே கொடு. ஒருநாள் என்னை ஊரில் இறக்கிவிடாமல் தேவிபட்டினம் வரை கொண்டுபோனவன், அதனால் நான் சொன்னால் தட்ட மாட்டான்.

குதிரைக்கும் மனுசிக்கும் இணக்கம் உண்டாக்க ஒரு முகாமாம். உன் அய்யா செவ்வந்தியை வண்டியில் பூட்டி அத்தனை வருசம் ஓட்டினானே, எந்த முகாமுக்குப் போனான்? என் மகன் போய்ச் சேர்ந்தபிறகு உனக்கு அவள் முதுகில் ஏற ஆசை வந்தது. பொங்கல் கழித்து ஏறினாய், தூக்கிப் போட்டாள், மணிக்கட்டில் கட்டு. கட்டுப் பிரித்ததும் மறுபடி ஏறினாய், மறுபடி மண். வண்டி இழுத்தவரை பசுமாடு மாதிரி இருந்தவளுக்கு இப்போது கொழுப்பு ஏறிவிட்டது.

நாம் பேசியதை மறக்காதே. முகாம் முடிகிற அமாவாசையன்று அவள் உன்னைச் சுமந்து நடந்தால் வீட்டோடு இருக்கட்டும். இல்லையென்றால் மறுநாள் வெள்ளிக்கிழமை காளிராஜ் ஏற்றிப்போவான். பந்தயத்துக்குக் கேட்கிறான். "ஆத்தா, நெத்தியில ராஜ சுழில்ல கெடக்கு! இதுக்காகவே கொண்டுபோய்க் கட்டலாம்" என்றான். அந்தச் சுழியின் பெருமையை ஊருக்கெல்லாம் சொன்னது நான்தானே. வாக்குக் கொடுத்துவிட்டேன். நாகலெட்சுமி வாக்கு மாறினாள் என்று இதுவரை ஒருத்தரும் சொன்னதில்லை.

அப்பத்தா


தொண்டி
17.2.2025

அன்புள்ள அப்பத்தாவுக்கு,

சாப்பிடுகிறேன். மீன்குழம்பில் புளி அதிகம், மற்றபடி குறையில்லை. அன்றைக்குப் போனை வைத்தது தப்புதான். முகாம் வாசலில் செவ்வந்தியை லாரியிலிருந்து இறக்கிக்கொண்டிருந்தார்கள், என் ஒரு கையில் அவள் கயிறு இருந்தது.

இங்கே வந்ததிலிருந்து செவ்வந்தி முன்னால் நிற்பதுதான் வேலை. கயிறு தொய்வாக இருக்கவேண்டும். முகாம் நடத்தும் லாமியா அக்கா தூரத்தில் உட்கார்ந்து பார்ப்பார். "இழுக்காத புள்ள. அவளா ஒரு அடி உன் பக்கம் எடுத்து வைக்கட்டும். வச்சதும் நீ இன்னும் தளத்து. நீ பிடிச்சு இழுக்கிறவ இல்லைன்னு அவளுக்குத் தெரியட்டும்" என்பார். மூன்றாம் நாள் அவளாகவே வந்து என் தோளில் வாயை வைத்தாள் அப்பத்தா. மூச்சு சூடாக இருந்தது. அழுதுவிட்டேன்.

ஆனால் சேணத்தைப் போட்டதும் வேறு குதிரை. காதை மடக்குகிறாள், பல்லைக் கடிக்கிறாள். நேற்று ஏறினேன், கீழே கிடந்தேன். ஆத்திரத்தில் கயிற்று நுனியால் இரண்டு போட்டுவிட்டேன். லாமியா அக்கா வந்து என் கையிலிருந்து கயிற்றை வாங்கிக்கொண்டார். அது விழுந்ததைவிட வலித்தது.

காளிராஜ் சாட்டை நுனியில் ஆணி வைத்திருப்பவர் என்று நீதானே சொன்னாய்? அவரிடமா கொடுக்கப்போகிறாய்?

பிரியா


பெருவயல்
18.2.2025

பேத்திக்கு,

குதிரை முன்னால் நாள் கணக்காக நிற்கிறாயா? வீட்டில் என் முன்னால் நாலு நிமிசம் நின்றிருக்கிறாயா? நான் ஒரு அடி எடுத்து வைத்தால் நீ வாசலில் செருப்பைத் தேடுவாய்.

அந்த லாமியா யார் வீட்டுப் பிள்ளை என்று குருநாதனிடம் விசாரித்துவிட்டேன். அவள் தாத்தா, தொண்டி கடைத்தெருவில் பத்துப் பேர் பார்க்க, உன் தாத்தாவின் குதிரையைக் காட்டி "இது குதிரையா, இல்ல கழுதைக்குச் சட்டை போட்டு விட்டிருக்கீகளா?" என்று கேட்டவர். பச்சைக் கரை வேட்டி கட்டியிருந்தார். அந்தச் சிரிப்பு இன்னும் என் காதில் இருக்கிறது. அந்த வீட்டுக்காரி உனக்குக் குதிரைப் புத்தி சொல்கிறாளா?

எதிர்வீட்டு ஈஸ்வரி நேற்றுக் கோழிக்குழம்பு கொடுத்தனுப்பினாள். கிண்ணத்தைத் திறக்காமல் திருப்பிவிட்டேன். உன் அய்யா துக்கத்துக்கு வந்த இடத்தில் அவள் சொன்னதை நான் மறக்கவில்லை.

விழுந்த இடத்தில் எண்ணெய் போடு. எலும்பு முறியாமல் எழுந்தாய் அல்லவா? நீ முதல்முதலாக ஏறும் முன்பே உனக்குக் காவல் செய்துவிட்டேன். அதற்குமேல் கேட்காதே.

அப்பத்தா


தொண்டி
22.2.2025

அப்பத்தா,

காவல் எது என்று தெரிந்துவிட்டது.

நேற்று லாமியா அக்கா சேணத்துக்கு அடியில் போடும் துணிமெத்தையைத் தடவிப் பார்த்தார். ஓர் இடத்தில் கை நின்றது. பிரித்தால் உள்ளே செப்புத் தாயத்து. கறுப்பு நூலில் மேலும் கீழும் முடிச்சுப் போட்டுத் தைத்திருக்கிறது. அப்படித் தைக்க நம் வீட்டில் யார் இருக்கிறார்கள்?

நான் உட்காரும் ஒவ்வொரு முறையும் அது அவள் முதுகுத்தண்டில் இறங்கியிருக்கிறது. ரோமத்துக்கு அடியில் புண். உனக்குக் கொழுப்பாகத் தெரிந்தது, எனக்குத் திமிராகத் தெரிந்தது. நான் அவளை அடித்தேன் அப்பத்தா. வலிக்கிறது என்று சொன்னவளை அடித்தேன். என்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கக்கூடாதா?

புண் ஆறும்வரை சேணம் கூடாது என்கிறார்கள். அமாவாசையன்று ஏற முடியாது. கெடுவைத் தள்ளிவை. காளிராஜிடம் நீயே பேசு.

லாமியா அக்கா உன்னை விசாரித்தார். அவர் தாத்தாவும் சாகும்வரை ஒருத்தரை மறக்கவில்லையாம். கடைத்தெருவில் குதிரைக்கு வைத்திருந்த வாளித் தண்ணீரைத் தன் மூஞ்சியில் ஊற்றிய பெருவயல் பெண்ணை. அதை மட்டும் நீ எனக்குச் சொன்னதே இல்லை.

பிரியா


பெருவயல்
23.2.2025

சத்யப்பிரியாவுக்கு,

மகனைப் பறிகொடுத்தவள் பேத்திக்குத் தாயத்துத் தைப்பது குற்றமா? உன்னைக் கட்டச் சொன்னால் கட்டியிருப்பாயா? சிரித்திருப்பாய்.

வாக்கு வாக்குத்தான். இன்றைக்கு நான் மாறினால் நாளைக்கு எவனையும் நிற்கவைத்துக் கேட்க எனக்கு வாய் இருக்காது. வெள்ளிக்கிழமை அவன் வருவான்.

நாகலெட்சுமி


பெருவயல்
26.2.2025

பேத்திக்கு,

குருநாதன் தினமும் வெறுங்கையை விரித்துக் காட்டிவிட்டுப் போகிறான். நீ எழுதவில்லை. இருக்கட்டும், ஞாபகம் வைத்துக்கொள்கிறேன்.

காலையில் காளிராஜ் வந்தான், எந்நேரம் லாரி கொண்டுவரட்டும் என்று கேட்க. டீ போட்டுக் கொடுத்தேன்.

"எப்ப வேணும்னாலும் கொண்டா. நான் வாக்குக் குடுத்தவ. ஏலே, நெத்திச் சுழியப் பாத்தியே, தாடைக்கு அடியில பாத்தியா?" என்றேன்.

"அங்கன என்ன ஆத்தா?"

"அங்கனயும் ஒண்ணு கெடக்கு. குடி கெடுக்கிற சுழி. நீ கேக்கல, நான் சொல்லல. அவ இந்த வாசல்ல காலு வச்ச வருசம் எம் புருசன் போனாரு. அப்புறம் எம் மவன். ஆம்பளைன்னு இங்கன யாரு மிச்சம், நீயே பாரு."

அவன் வீட்டை ஒருதரம் சுற்றிப் பார்த்தான். சுவரில் இருந்த இரண்டு படத்தையும் பார்த்தான். டம்ளரைக் கீழே வைத்தான். "எனக்கு ரெண்டு பயலுக ஆத்தா" என்று மட்டும் சொல்லிவிட்டு, செருப்பைச் சரியாக மாட்டாமலே போனான். வாக்கு மாறியது அவன். நான் இல்லை.

அவள் தாடைக்கு அடியில் ஒன்றும் இல்லை என்று உனக்குத் தெரியும். அது உன் அய்யா சொறிந்துகொடுக்கும் இடம். "குதிர வந்த ராசி" என்று துக்கவீட்டில் முணுமுணுத்ததற்காகத்தான் ஈஸ்வரி வாசலை நான் மிதிப்பதில்லை. அதே பேச்சை இன்றைக்கு என் வாயால் சொன்னேன். பொழுது சாய்வதற்குள் ஊர் முழுக்கப் பேசும். ஈஸ்வரி வேலிக்கு அந்தப்பக்கம் நின்று எல்லாம் கேட்டாள். அவள் முகத்தை நான் பார்க்கவில்லை.

இனி செவ்வந்தியை ஒருத்தனும் கேட்டு வரமாட்டான். நீதான் வைத்து மாரடிக்கவேண்டும். புண் ஆறட்டும், அப்புறம் ஏறுவதும் ஏறாததும் உங்கள் இருவர் பாடு. தாயத்தை எறிந்துவிடாதே, உன் இடுப்பில் கட்டு.

குருநாதனிடம் கொடுத்த பையில் வேப்பெண்ணெய் இருக்கிறது. சூடு காட்டி, ஆறவைத்துத் தடவு. யார் கொடுத்தது என்று செவ்வந்தியிடம் சொல்லாதே.

அப்பத்தா