ஐந்தாவது தம்ளர்

அன்புள்ள தோழிக்கு,

நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன். ஆறு வருஷம் கழித்து எழுதுகிறேன். உறையின் மேல் என் கையெழுத்தைப் பார்த்தும் கிழித்துப் போடாமல் படிக்கிறாயே, அதுவே பெரிசு.

நம் குடிநீர் அலுவலகம் அப்படியேதான் இருக்கிறது. கீழே பம்பு ஓடினால் மாடியில் மேசை இன்னும் ஆடுகிறது. குழாய் பழுது பார்க்கும் ஆறு குழுக்களுக்கும் மதிப்பெண் போடும் முறையை அந்த மேசையில்தானே உருவாக்கினோம். நீ வீட்டிலிருந்து பட்டன் டப்பா கொண்டுவந்தாய். நம் இருவருக்கும் மூன்று மேஸ்திரிகளுக்கும் ஆளுக்கு இருபது பட்டன். வேகம், வேலைகளின் எண்ணிக்கை, வீணாகும் தண்ணீர், மக்கள் புகார் என்று தம்ளர்களில் சீட்டு ஒட்டி, எது எவ்வளவு முக்கியமோ அத்தனை பட்டன் போடச் சொன்னாய். மேஸ்திரிகள் முதலில் சிரித்தார்கள். பிறகு ஒற்றைப் பட்டனுக்கு அரை மணி நேரம் மல்லுக்கட்டினார்கள். என் வேலைக்காலத்தில் அதுபோல் சந்தோஷமான வாரம் வேறு இல்லை.

ஐந்தாவதாகவும் ஒரு தம்ளர் வைத்தாய், அடைத்த இடம் மறுபடி கசியாமல் இருப்பதற்கு. "ஒரு வருஷம் காத்திருந்து எண்ணணும்னா மாசா மாசம் அறிக்கை யாருடி குடுக்கிறது" என்று சொல்லி, நான் சீட்டைக் கிழித்துவிட்டு அதில் டீ ஊற்றிக் குடித்தேன். எல்லோரும் சிரித்தார்கள், நீ மட்டும் சிரிக்கவில்லை. நீ ஊரை விட்டுப் போனபோது வழியனுப்பக்கூட நான் வரவில்லை.

விஷயத்துக்கு வருகிறேன். மதிப்பெண்ணில் கடைசியாக இருக்கும் குழுவைக் கலைக்கப் போகிறார்கள். நிதானமாக வேலை பார்ப்பதால் நாம் பேர் வைத்தோமே, அந்த ஆமை அண்ணனின் குழு, ஏழு பேர். மனசு கேட்காமல் பழைய பதிவேடுகளைப் புரட்டினேன். ஒரே கசிவை மூன்று முறை அடைத்த குழுவுக்கு மூன்று வேலை என்று மதிப்பெண் கொடுத்திருக்கிறோம். அண்ணன் அடைத்த இடத்துக்கு யாரும் திரும்பப் போனதே அபூர்வம்.

கணினியில் மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்தேன். ஐந்தாவது தம்ளருக்குச் சராசரியாக ஆளுக்கு இரண்டு, ஐந்து பேருக்கும் சேர்த்துப் பத்து பட்டன் விழுந்தால் அண்ணன் மேலே ஏறிவிடுகிறார். அதற்குக் குறைந்தால் கடைசிதான். இயக்குநர், "எத்தனைன்னு நீங்க ஒருத்தரே முடிவு பண்ண முடியாதும்மா, அன்னைக்குப் போட்ட அஞ்சு பேரும் திரும்பப் போடட்டும்" என்றார். நியாயம்தான். மேஸ்திரிகள் ஆளுக்கு ஒன்று போட்டார்கள். நான் நான்கு. கூடுதலாகப் போட்டிருக்கலாம், ஆனால் என் மனசுக்கு உண்மையாகப் பட்டது அவ்வளவுதான். ஆக ஏழு. இன்னும் மூன்று வேண்டும்.

உன் இருபது பட்டனும் மேசையில் அப்படியே இருக்கின்றன. மாதக் கடைசிக்குள் எந்தத் தம்ளருக்கு எத்தனை என்று எழுதி அனுப்பு. எனக்காகப் போடாதே, என் மேல் உள்ள கோபத்துக்காகவும் குறைக்காதே. அன்று உனக்கு எவ்வளவு தோன்றியதோ அதைப் போடு. அன்று நான் கேட்டிருக்க வேண்டியதை இன்று கேட்கிறேன்.

உன் கைகால் சுகத்துக்கும் வீட்டாரின் நலத்துக்கும் வேண்டிக்கொள்கிறேன். தம்ளரைக் கழுவித் துடைத்து, புதுச் சீட்டு ஒட்டி வைத்திருக்கிறேன்.

என்றும் உன்,
டீக்காரி