மாற்றாமல் அச்சடித்த பெயர்

ஊர் ஊராய் அலைந்து, கடைசிப் பயணத்துக்கு மட்டும் சொல்லாமல் புறப்பட்டுவிட்ட என் அம்மாவுக்கு,

உங்களுடைய முப்பத்தோராம் நாள் பூசை முடிந்து மூன்று கிழமையாகிறது. வீடு அப்படியே இருக்கிறது. யன்னலைத் திறந்தால் துறைமுகம். இன்றைக்குக் கோதுமைக் கப்பல் ஒன்று நிற்கிறது. அலுமாரிக்கு மேலிருந்த உங்கள் பயணப் பையை இறக்கியிருக்கிறேன். ஏன் என்று பிறகு சொல்கிறேன். வாசல் கதவை இப்போது பகலிலும் பூட்டி வைக்கிறேன்.

ஒரு பிழை விட்டுவிட்டேன் அம்மா.

நீங்கள் நோர்வேக்குப் போனீர்கள், மலேசியாவுக்குப் போனீர்கள், கென்யாவில் தொலைந்த பெட்டியைப் பற்றி ஒரு புத்தகமே எழுதினீர்கள். ஆனால் வாசகர்கள் உங்களைத் தேடி வந்தது, நம் மாவட்டத்துக்குள் பஸ்ஸில் போய் எழுதியவற்றுக்காகத்தான். கொப்பியில் எல்லாருடைய உண்மைப் பெயரையும் எழுதுவீர்கள். புத்தகமாகும்போது ஒன்றுகூட உண்மையாக இராது. மாற்றுப் பெயரையும் நீங்களாக வைப்பதில்லை. "புத்தகத்தில உங்களுக்கு என்ன பேர் வைக்கட்டும்?" என்று கதை சொன்னவரிடமே கேட்பீர்கள். கிண்ணியாவில் மீன் விற்ற முஸ்லிம் நானா ஒருவர், தனக்கு ஒரு சினிமா நடிகரின் பெயர்தான் வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பீர்கள்.

இது முழுவதும் எனக்குத் தெரியும். தெரிந்தும், நினைவு மலருக்கு உங்கள் கடைசிக் கொப்பியிலிருந்து ஒரு பக்கத்தை எடுத்து அப்படியே அச்சகத்துக்குக் கொடுத்தேன். ஆஸ்பத்திரிக்குப் போவதற்கு நாலு நாள் முன்னர் எழுதிய பக்கம். உங்கள் கையெழுத்தைப் பார்த்து அழுதேனே தவிர, என்ன எழுதியிருக்கிறது என்று பார்க்கவில்லை. பூசைக்கு வந்த எல்லாருக்கும் என் கையாலேயே கொடுத்தேன்.

போன வியாழன் பின்னேரம் ஒருவர் வந்தார். அறுபது வயது இருக்கும், மடிப்புக் குலையாத சேட் போட்டிருந்தார். வாசல் படலையில் நின்றபடியே நினைவு மலர் ஒன்று மிச்சம் இருக்குமா என்று கேட்டார். உங்கள் வாசகராக்கும் என்று சந்தோசமாகக் கொடுத்தேன். நேரே அந்தப் பக்கத்தைப் புரட்டி, நின்றபடியே வாசித்தார்.

"அம்மா இதை வேற எங்கயும் எழுதி வைச்சவவோ?" என்றார்.

தெரியாது என்றேன். நன்றி சொல்லி, படலையைக் கவனமாகச் சாத்திவிட்டுப் போனார். அதற்குப் பிறகுதான் நான் அந்தப் பக்கத்தை ஒழுங்காக வாசித்தேன்.

அதில் ஒரு தாய். பஸ் தரிப்பிடத்தில் உங்களோடு கதைத்தவர். சண்டைக் காலத்தில் தன் மகனைக் கூட்டிக்கொண்டு போன ஆளை இன்றைக்கும் சந்தையில் காண்பதாகவும், அந்த ஆள் தெரிந்தவன்போலத் தலையாட்டிவிட்டுப் போவதாகவும் சொல்லியிருக்கிறார். அந்தத் தாயின் பெயர், ஊர் எல்லாம் இருக்கிறது. வெருகல் பக்கமா திரியாய்ப் பக்கமா என்றுகூட இந்தக் கடிதத்தில் எழுதமாட்டேன்.

படலைக்கு வந்தவர் யார்? வெறும் வாசகராக இருக்கலாம். தன் பிள்ளையைத் தேடுகிற இன்னொரு தகப்பனாகவும் இருக்கலாம். இல்லாவிட்டால்? குசினிக்குள் போய் நிலத்தில் இருந்துவிட்டேன். சண்டைக் காலத்தில் இராணுவச் சுற்றிவளைப்பு என்றதும் நீங்கள் அடுப்பை மூட்டிக் கடிதங்களைப் போடுவீர்களே, அதே நினைப்புத்தான் எனக்கும் வந்தது. கொப்பிகளை அள்ளி, நெருப்புப் பெட்டியையும் எடுத்துவிட்டேன். எரிக்க மனம் வரவில்லை. எரித்தும் என்ன, அந்தப் பெயர் முந்நூறு வீடுகளில் இருக்கிறதே.

அச்சுப் பிழை என்று பொய் சொல்லி, வீடு வீடாகப் போய்த் திருப்பிக் கேட்டேன். சிலர் மாதா சுரூபத்துக்குப் பக்கத்தில் வைத்திருந்தார்கள், தர மனமில்லை. ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போகாமல், உங்கள் பையைத் தோளில் போட்டுக்கொண்டு பஸ் ஏறினேன். பஸ்ஸில் இருந்த ஆம்பிளைகள் எல்லாரும் எனக்குப் படலைக்கு வந்தவர் மாதிரியே தெரிந்தார்கள். இறங்கி இரண்டு பேரிடம் விசாரித்தேன், வீடு கிடைத்துவிட்டது. எனக்கே இவ்வளவு சுகமாகக் கிடைத்தால் அவருக்குக் கிடைக்காதா?

அந்தத் தாய் கிணற்றடியில் உடுப்புத் தோய்த்துக்கொண்டிருந்தார். நான் யாரென்று சொன்னதும் உங்கள் சாவுக்கு அழுதார். பிறகு நான் செய்த பிழையையும், வீட்டுக்கு வந்த ஆளையும் பற்றிச் சொன்னேன். கையைத் துடைத்து நினைவு மலரை வாங்கி, தன் பெயரில் விரலை வைத்தார்.

"உங்கட அம்மா என்ன பேர் வைக்கட்டும் எண்டு கேட்டவ. நான் சொல்ல முதல் பஸ் வந்திட்டுது."

இப்போதாவது ஒன்றைச் சொல்லுங்கள், புத்தகத்தில் மாற்றிவிடுகிறேன், கொஞ்ச நாளைக்கு என்னோடு வந்து இருங்கள் என்று கெஞ்சினேன். மாட்டேன் என்றார். பயமில்லையா என்று கேட்டேன்.

"பயம்தான். இவ்வளவு காலமும் நான் மட்டும்தானே பயந்தனான்." நினைவு மலரை மடித்து மடியில் வைத்தார். "பேரை மாத்தினா, மகன் வந்து தேடேக்க என்னை எப்பிடிக் கண்டுபிடிப்பான், பிள்ளை?"

இதற்கு நீங்கள் என்ன சொல்லியிருப்பீர்கள் அம்மா? பஸ் வரும்வரை அவர்தான் எனக்குத் துணையாக நின்றார். வீட்டுக்கு வந்ததும் கதவைப் பூட்டினேன். இதை எழுதும்போதும் படலையில் சத்தம் கேட்டு இரண்டு தரம் எழுந்து போய்ப் பார்த்தேன். ஒருவரும் இல்லை.

உங்கள் கடைசிக் கொப்பியைப் புத்தகமாக்குவேன். மற்றவர்களுக்கெல்லாம் அவர்கள் கேட்ட பெயர். அந்தத் தாய்க்கு அவருடைய பெயர். அதுவரைக்கும் ஒவ்வொரு ஞாயிறும் பஸ் ஏறிப் போய், கிணற்றடியில் ஆள் இருக்கிறாரா என்று பார்த்துவிட்டு வருவேன். இந்தக் கடிதத்தில் அந்தப் பெயர் இல்லாததற்கு அவர் காரணமில்லை. எழுதச் சொல்லித்தான் விட்டவர். எனக்குத்தான் கை வரவில்லை.

உங்கள் பையைத் தூக்கிக்கொண்டு திரிகிற,
நீங்கள் பயந்தாங்கொள்ளி என்று கூப்பிட்ட,
உங்கள் ஒரே மகள்.