டீ என்ன சாப்பாடா?

ஜூன் 4

மருத்துவமனையின் செய்தித் தொடர்புப் பிரிவில் பயிற்சிக்குச் சேர்ந்து இரண்டாவது வாரம். இன்று நான் செய்த எழுத்துப் பணி: பிரிண்டருக்குத் தாள் போட்டது. பயிற்சி முடிவதற்குள் நான் எழுதிய ஒன்றாவது வெளியே வர வேண்டும். இல்லாவிட்டால் கல்லூரியில் இந்தப் பாடம் ஃபெயில். இங்கே யாருக்கு என்ன கவலை?

ஜூன் 6

அப்பாடா, ஒரு வேலை! ரத்தப் பரிசோதனைக்கு வருகிறவர்களுக்கு அறிவிப்புப் பலகை. ‘காலையில் உண்ணாநிலையில் வருகை தருக’ என்று எழுதிக் கொடுத்தேன். அழகான சொல், இல்லையா?

எங்கள் பிரிவு அதிகாரி விழுந்து விழுந்து சிரித்தார். “ஏம்மா, ரத்தம் எடுக்கக் கூப்பிடுறியா, போராட்டத்துக்குக் கூப்பிடுறியா? அப்படியே கொடியும் கொண்டுவரச் சொல்லிடு!” ஆபீசே சிரித்தது. ‘வெறும் வயிற்றில் வரவும்’ என்று அவரே மாற்றிவிட்டார். இந்த மூணு வார்த்தைக்கு நான் எதுக்கு?

ஜூன் 7

எழுதப் பிடிக்கவில்லை.

ஜூன் 11

ரத்தப் பரிசோதனையில் ஆள் இல்லையாம். டோக்கன் கொடுக்க உட்கார வைத்துவிட்டார்கள். எழுத வந்தவளை! போனில் அம்மாவிடம் பொருமினால், “வேலைன்னா எல்லாந்தான்டி இருக்கும்” என்கிறாள். எரிகிற நெருப்பில் எண்ணெய்.

பலகை மாட்டியும் பிரயோஜனம் இல்லை. பாதிப் பேர் டீ குடித்துவிட்டுத்தான் வருகிறார்கள். திருப்பி அனுப்பினால் ஒரு அக்கா சண்டைக்கே வந்துவிட்டார். “வெறும் வயிறுதாம்மா! டீ என்ன சாப்பாடா?” இன்னொருவர் ராத்திரியிலிருந்து சொட்டுத் தண்ணீர்கூடக் குடிக்காமல் வந்து, என் கண்ணெதிரே மயங்கிச் சரிந்தார். டோக்கன் கட்டைப் போட்டுவிட்டுத் தண்ணீர் எடுக்க ஓடினேன்.

என் ‘உண்ணாநிலை’ இருந்திருந்தால்? அதுவும் இதே லட்சணம்தான். ஒத்துக்கொள்ளவே கடுப்பாக இருக்கிறது.

ஜூன் 12

புதிதாக எழுதி நீட்டினேன். ‘இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு, ரத்தம் எடுக்கும்வரை எதுவும் சாப்பிடாதீர்கள். டீ, காபி, பால் கூடாது. தண்ணீர் குடிக்கலாம்.’

“நீளம். டீக்கடை போர்டு மாதிரி இருக்கு” என்றார் அதிகாரி.

“அப்ப நீங்க ஒரு நாள் டோக்கன் குடுத்துப் பாருங்க சார்!” – வாய் முந்திக்கொண்டது. முறைத்தார். தாளை வாங்கி இழுப்பறையில் போட்டு மூடினார். போச்சு. எல்லாம் அம்போ. இந்த வாயை வெச்சுக்கிட்டு நான் என்ன பண்றது?

ஜூன் 18

இன்றும் டோக்கன்தான்.

ஜூன் 20

காலையில் வந்தால் டாக்டர் அறை வாசலிலும் எங்கள் ரத்தப் பரிசோதனை வாசலிலும் புதுப் பலகை. என் வரிகள். ஒரு வார்த்தை மாறவில்லை. என்னிடம் சொல்லணும்னுகூட அந்த மனுஷனுக்குத் தோணலையே! படம் எடுத்துக் கல்லூரிக்கு அனுப்பினேன். ‘இதில் உன் பெயர் எங்கே?’ என்று பதில் வந்தது. எங்கே போய் முட்டிக்கொள்ள?

அப்போது கேன்டீன் பக்கமிருந்து கையில் டீயோடு ஒரு பெரியவர் வந்தார். பலகை முன்னால் நின்று வாய்விட்டுப் படித்தார். ‘டீ’யில் நின்றார். கையைப் பார்த்தார்.

“எழுதினவன் என் வீட்டுக்காரிகிட்ட கேட்டு எழுதியிருப்பான் போல” என்று முனகிக்கொண்டே டம்ளரை என் மேசையில் வைத்தார். “இன்னும் வாய் வைக்கல. நீ குடிம்மா.”

சர்க்கரை போடாத டீ. கண்றாவி. முழுசும் குடித்தேன்.