ஆடாத பலகை

மார்ச் 3

டேய் நெட்டை,

உன் கோவம் தீர்ந்துச்சான்னு கேக்க எழுதல. கேக்கற தெம்பும் இல்ல.

போன வாரம் கட்டில்ல திரும்பிப் படுத்தேன், ரூமே கிறுகிறுன்னு சுத்துச்சு. மருமக டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போனா. அவரு சீட்டுல ‘வெர்டிகோ’ன்னு எழுதினாரு. அது உயரத்தைக் கண்டு பயப்படறதுக்கு உள்ள பேருன்னு நினைச்சு சண்டைக்குப் போயிட்டேன். முப்பது வருஷம் மாடிச் சுவத்துல தொங்கி பெயின்ட் அடிச்சவனுக்கா பயம்?

அவரு சிரிச்சாரு. அது லத்தீனாம். ‘வெர்த்தெரே’ன்னா திருப்புறதாம், அதுலேருந்து வந்த இந்த வார்த்தைக்குச் சுழல்றதுன்னுதான் அர்த்தமாம். பயத்துக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்லையாம். காதுக்குள்ள கோளாறு. அசையாம கிடந்தாலும் சுத்துமாம். எத்தனை நாளா இருக்குன்னு கேட்டாரு. அங்க மாட்டிக்கிட்டேன்.

போன வருஷம் ஏழாவது மாடியில, மேல நின்னு நீ என் பலகைக் கயித்தை ஆட்டுறேன்னு எல்லார் முன்னாடியும் திட்டி உன்னை விரட்டினேன்ல? அடுத்து வந்தவன் பிடிச்சப்பவும் பலகை ஆடுச்சுடா. ஒரே வாரத்துல வேலைய விட்டு இறங்கிட்டேன். பயந்தாங்கொள்ளி ஆயிட்டேன்னு நினைச்சு யாருகிட்டயும் சொல்லல.

இப்ப சுவத்தைப் பிடிச்சுக்கிட்டுதான் பாத்ரூம் போறேன். பதில் போடு. இல்லாட்டி உன் மீசை சாயம்னு எல்லாருக்கும் சொல்லிடுவேன்.

குள்ளன்


மார்ச் 29

குள்ளா,

மீசைய எப்பவோ எடுத்தாச்சு.

பலகை ஆடல. ஆனா இழுத்தது நான்தான். அதுக்கு முன்னாடி ரெண்டு மாசமா நீ அடிச்ச கோடெல்லாம் வலப்பக்கம் சாய்ஞ்சு வந்துச்சு. கேட்டா ஒத்துக்குவியா? விழாம இருக்க உயிர்க்கயிறு கட்டிக்கோன்னு சொன்னாலே உனக்கு மானம் போயிடும். பிரஷ் தொங்கவிடற பெல்ட்டை உனக்கு மாட்டி விடறது எப்பவும் நான்தானே, பின்னாடி வளையத்துல உனக்குத் தெரியாம இன்னொரு கயிறு கட்டினேன். அன்னைக்கு நீ சரிஞ்சே. பிடிச்சு இழுத்தேன். அதைத்தான் நான் ஆட்டுறேன்னு நீ திட்டினே.

விஷயத்தைச் சொல்லியிருந்தா மேஸ்திரி அன்னைக்கே உன்னை வீட்டுக்கு அனுப்பியிருப்பாரு. அதான் வாயத் திறக்கல.

அப்புறம் நான் யாருக்கும் கயிறு பிடிக்கல. அலுத்துப் போச்சு.

நெட்டை


ஏப்ரல் 4

நெட்டை,

மூணு தரம் படிச்சேன். உன்னைத் திட்ட ஒரு வார்த்தைகூட கிடைக்கல, அதுதான் பெரிய வியாதியா இருக்கு.

ஞாயித்துக்கிழமை பத்து மணி பஸ்ல வர்றேன். மருமக ஏத்தி விடுவா. இறங்குற படி உயரம், நீ ஸ்டாப்புல நில்லு. இந்தத் தரம் எனக்குத் தெரிஞ்சே பிடி.

குள்ளன்