நூலகத்திலிருந்து வந்த போன்

அன்புள்ள அக்காவுக்கு,

ஹெராத்தில் நாங்கள் சுகம். துஷான்பேயில் உனக்கு வேலை பிடித்திருக்கிறதா?

பெண்கள் படிக்கக் கூடாதென்ற தடைக்குப் பிறகு நான் ரகசியமாகச் சேர்ந்த இணையவழிப் பல்கலைக்கழகத்தின் நூலகப் பக்கம் திறக்கவில்லை என்று உதவி கேட்டு எழுதியிருந்தேன். நேற்று ஒருவர் போனில் கூப்பிட்டார். குரலில் அத்தனை கனிவு.

“புத்தகத்த வீட்டுக்கே அனுப்பிடறோம்மா. எந்தத் தெரு? கூட யார் யாரு படிக்கிறாங்க?”

தெருவைச் சொன்னேன். “நான் மட்டும்தான்” என்றேன்.

இன்று நூலகத்துப் பெண் பதில் எழுதியிருக்கிறாள்: “நாங்க யாரையும் போன்ல கூப்பிடறதே இல்லையே!”

பக்கத்து வீட்டு மஹ்ஜபீனும் என்னோடுதான் படிக்கிறாள். படுக்கையில் கிடக்கும் அப்பாவை விட்டு அவளால் எங்கும் போக முடியாது. நம் வீடு பூட்டியிருந்தால், என்னைத் தேடி வருபவர்கள் அவள் கதவைத்தான் தட்டுவார்கள்.

அம்மாவை மாமா வீட்டுக்கு அனுப்புகிறேன். இந்தக் கடிதத்தையும் அவளிடம் கொடுத்துவிடுகிறேன்; மாமா உனக்கு அனுப்பி வைப்பார். “நீயும் கெளம்புடி” என்று வாசலில் நின்று அழுகிறாள்.

பின்னாலேயே வருவதாக அவளிடம் சொல்லியிருக்கிறேன்.

உன் தங்கை